பாசி எடுத்த கைகள் காப்பி பறிக்கும் தலைச்சோலை

ஏற்காட்டு ஏரியைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. காப்பிப் பழம் பறிப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றுதான் சென்ற டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். சேலத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் இறங்கியபோது எட்டரை. அங்கிருந்து தலைச்சோலைக்கு இன்னொரு பஸ், டிக்கெட் பதினைந்து ரூபாய்.

“ஏனுங்க, தனியாவா போறீங்க? மத்தியானத்துக்கு மேல நொம்பப் பனி எறங்குமுங்க,” என்றார் டீக்கடை அம்மா. தலையாட்டிவிட்டுக் காப்பி எஸ்டேட்டுக்குள் நடந்தேன்.

பறிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மூன்று மணிக்குப் பனி வந்தது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. சிவந்த பழங்கள் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்தன. கனவுக்குள் நடப்பதுபோல் இருந்தது, பாதையைக் காணோம் என்று தெரியும்வரை. பயந்துபோய்க் குரல் கொடுத்தேன்.

“நடக்காதீக! நின்ன எடத்துலயே பேசிக்கிட்டே இருங்க!” என்றது ஒரு பெண் குரல்.

என்ன பேசுவது? பஸ் நேரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி அவர் வந்து சேர்ந்தார். பெயர் முனியம்மா, ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரைக்காரர்.

“இருவது வருசம் கடலுக்குள்ள முங்கி, விக்கிறதுக்குப் பாசி எடுத்தேன். முங்கி முங்கி ஒரு காது போச்சு. பாசியும் கொறைஞ்சு போச்சு,” என்றார். தெரிந்தவர்களோடு இங்கே பழம் பறிக்க வந்து இரண்டு வருடம். கணவர் படகோடு ஊரிலேயே தங்கிவிட்டார். அன்றைக்கு அவர் வருவதாக இருந்தது. முனியம்மா அந்தப் பஸ்ஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்; நானும் கூடவே நடந்தேன்.

“என்னையக் கூட்டிட்டுப் போக வாராரா, இங்க இருக்க வாராரான்னு தெரியலை. நேர்ல சொல்றேங்கிறாரு. என்னால இனி முங்க முடியாது. அவருக்குக் கடல் இல்லாம முடியாது.”

பள்ளத்தாக்கில் காற்று இரைந்தது. அவர் நின்றார். “மொத மாசம் இதை அலைன்னு நெனச்சு முழிச்சுக்குவேன். இப்பக் காத்துன்னு தெரியுது.”

ஐந்து பத்துக்குப் பஸ் வந்தது. பாத்திரங்கள் உருளும் ஒரு சாக்கு மூட்டையோடு கணவர் இறங்கினார்.

“படகு?” என்று கேட்டார் முனியம்மா.

“தம்பிக்கிட்ட விட்டுட்டேன்.” அவர் சுற்றிலும் பார்த்தார். பனியில் ஒன்றும் தெரியவில்லை. “ஒரு சீசன் பறிச்சுப் பாக்குறேன். கை பழகலைன்னா நீயே சொல்லிரு.”

முனியம்மா மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் அதே பஸ்ஸில் ஏறி, இருவரும் வெண்மைக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: பறிப்பைப் பார்க்க டிசம்பர், ஜனவரி நல்லது. எஸ்டேட்டில் அனுமதி கேட்டு நுழையுங்கள். இரண்டு மணிக்குள் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். பறிப்பவர்களைப் படம் எடுக்கும் முன் எந்த ஊர் என்று கேளுங்கள். எல்லாரும் மலைக்காரர்கள் என்றே நானும் நினைத்திருந்தேன்.