மூன்று எழுத்தும் ஓர் அங்கவஸ்திரமும்

டில்லி சர்க்கார் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் என்னைப் பார்த்து "உனக்கு என்னப்பா வேண்டும்?" என்று கேட்டிருக்கிறது. பிள்ளைகளே, அந்தப் பெருமையை நான் எப்படி அனுபவித்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. அமெச்சூர் ரேடியோ பரீட்சையில் தேறியிருந்தேன். வீட்டில் ஒலிபரப்புப் பெட்டி வைத்துக்கொண்டு, அதே பைத்தியம் பிடித்த மற்றவர்களோடு 'கட்டு கட' என்று மோர்ஸ் தட்டிப் பேசுவதற்கான பரீட்சை. பத்தாவதோடு நின்ற, ஆரணிப் பக்கத்துச் சேவூர்த் தறிக்காரன் தேறியதில், மெட்ராஸில் அதை நடத்தியவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை.

தேறியவனுக்கு ஓர் அழைப்புக் குறி தருவார்கள். முன்பாதி வி, யு, இரண்டு. அது இந்தியாக்காரன் என்பதற்கு. பின்பாதி மூன்று எழுத்து. அதுதான் ஆளுக்கு அடையாளம். அந்த மூன்றையும் நாமே விரும்பிக் கேட்கலாம் என்று விதியில் இருந்தது. முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது என்று எழுத வேண்டும். கியூ என்ற எழுத்தில் தொடங்கக் கூடாது. கப்பல் மூழ்குகிறபோது அனுப்புகிற குறி மாதிரி இருக்கக் கூடாது. முக்கியமாக, வேறொருவன் முந்தி வாங்கியிருக்கக் கூடாது.

நான் நெய்கிற புடவை எல்லாம் கடைக்காரர் பெயர் போட்ட பெட்டியில்தான் போகும். அதில் தப்பில்லை, பெட்டி அவருடையது. ஆனால் ஆகாயத்திலாவது என் எழுத்து போகட்டும் என்று எனக்கு ஓர் ஆசை. என் அப்பாவின் எழுத்து, என் எழுத்து, உங்கள் அம்மாவின் எழுத்து: இதுதான் முதல் விருப்பம்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"என் எழுத்து கடைசியிலயா?" என்றாள்.

"கடைசி எழுத்துதான் காதுல நிக்கும்."

"அப்ப உங்க அப்பா எழுத்த அங்க போடுங்க. எனக்கு முன்னால நிக்கறதே போதும்."

என்னோடு பரீட்சை எழுதிய பெங்களூர்க்காரர் ஒருவரும் அதே மூன்று எழுத்தைக் கேட்கப்போவதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். யார் மனு முதலில் பாஸாகிறதோ அவருக்கு எழுத்து. நான் அன்றே தபாலில் போட்டிருப்பேன். ஆனால் வீட்டில் உங்கள் பெரிய மாமா இருந்தார். அம்மாவுக்கு அண்ணன், புடவைத் தரகர், சர்க்கார் ஆபீஸ் விவகாரங்களில் கரைகண்டவர். சொந்தப் பட்டா மாற்ற எட்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்ததில் வந்த அனுபவம் அது.

"வெறும் காகிதத்த அனுப்பறியா மாப்ள?" என்றார். "ஆரணியிலேர்ந்து வெறும் காகிதம் போனா இன்னா நினைப்பான் டில்லிக்காரன்?"

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சீட்டு, ஆஸ்பத்திரியில் கட்டில், கரண்டுக் கம்பம், எதுவானாலும் கையில் ஒரு பட்டு இருந்தால் பேச்சு சுலபம். லஞ்சம் என்று யாரும் நினைப்பதில்லை. மரியாதை என்றுதான் பெயர்.

"ரூல்ல அப்படி ஒண்ணும் இல்லையே மச்சான்."

"ரூல்ல இருந்தா அது ஃபீஸு மாப்ள. இல்லாததாலதான் இது மரியாதை. பேஜார் பண்ணாத, ஜல்தி எடுத்துகினு வா."

அரக்குக் கரை போட்ட ஓர் அங்கவஸ்திரத்தை மடித்து, நடுவில் மனுவை வைத்து, துணிப்பையில் தைத்து, அரக்கு முத்திரை போட்டு அவரே பார்சல் அனுப்பினார். மனு பட்டு மெத்தையில் படுத்து டில்லிக்குப் பிரயாணம் போனது.

இரண்டு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. அங்கவஸ்திரத்தின் மடிப்புகூடக் கலையவில்லை. அவ்வளவு ஒழுக்கமான ஆபீஸ். கூடவே ஒரு கடிதம்: இந்தப் பொருளை எதற்காக அனுப்பினாய், உன் மனுவை ஏன் தள்ளுபடி செய்யக் கூடாது, விளக்கம் கொடு.

மாமா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார். "பொடவையா அனுப்பியிருக்கணும். ஆபீஸருக்கு ஊட்டுக்காரம்மா இல்லாமயா இருப்பாங்க?"

அதோடு விடவில்லை. ஒலிபரப்புப் பெட்டி வைக்கிறவனைப் பற்றி ஏற்கெனவே ஒரு தடவை நடந்த போலீஸ் விசாரணையும் மறுபடி வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று, "டில்லிக்குப் பட்டு அனுப்பின ஆளு நீதானா?" என்றார். ஆமாங்க என்றேன். உள்ளே வந்து ஒலிபரப்புப் பெட்டி வைக்கப்போகிற இடத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தறியில் இருந்த புடவையை நெடுநேரம் பார்த்தார். அவர் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணமாம். தேசப் பாதுகாப்பு பற்றிய விசாரணை மாம்பழக் கலரில் தொடங்கி முந்தியில் மயில் வேண்டுமா வேண்டாமா என்பதில் முடிந்தது.

வேலூரில் எனக்கு மோர்ஸ் பழக்கிவிட்ட நண்பர் இங்கிலீஷில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதையும் மனுவையும் வெறும் காகிதமாக அனுப்பினேன். மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு லைசென்ஸ் வந்தது. நான் கேட்ட மூன்று விருப்பத்தில் ஒன்றும் இல்லை. வரிசையில் அடுத்து எது இருந்ததோ அதைக் கொடுத்திருந்தார்கள், எக்ஸில் தொடங்கும் மூன்று எழுத்து. நம் சொந்தபந்தத்தில் எக்ஸில் தொடங்குகிற பெயர் யாருக்கும் கிடையாது. இனிமேல் வைக்கிற உத்தேசமும் இல்லை.

"மருந்துக் கடைப் பேரு மாதிரி இருக்குது," என்றாள் உங்கள் அம்மா. "பரவால்ல, இதுல யாருக்கும் கடைசி இடம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. தெருவில் சத்தம் அடங்கியிருந்த காலை நேரத்தில் பெட்டியைப் போட்டுக் காது கொடுத்தேன். யாரோ பொதுவாக, கேட்கிறவர் எவரானாலும் வரலாம் என்று அழைத்துக்கொண்டிருந்தார். குறியை எழுதிப் பார்த்தேன். என் அப்பாவின் எழுத்து, என் எழுத்து, உங்கள் அம்மாவின் எழுத்து. பெங்களூர்க்காரர். மனுவை வெறும் காகிதமாக அனுப்பியவர்.

பதில் சொல்வதற்கும் ஒரு விதி இருக்கிறது. முதலில் அழைத்தவரின் குறி, அப்புறம்தான் நம்முடையது. ஆக, அந்த மூன்று எழுத்தை என் கையாலேயே தட்டினேன். எத்தனையோ நாள் பழகியிருந்ததால் துளி பிசகாமல் வந்தது. அதற்குப் பின்னால் என்னுடையதைத் தட்டினேன். எக்ஸிலேயே கை தடுமாறியது.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவர் என் குறியைத் திருப்பி அனுப்பினார், புரியாதவனுக்குச் சொல்வதுபோல மெதுவாக. ஆகாயத்தில் என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உங்கள் அம்மா அடுக்களையிலிருந்து, "இன்னா, யாருனா பதில் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"என்னத்தான் கூப்புடறாங்க," என்றேன்.