‘இன்னைக்கு என்னா கொழம்பு’ திரும்பி வந்தது

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு யூனிட்டில் சிவசங்கரிக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. சூளையிலிருந்து வெளியே வரும் பீங்கான் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்துத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் பெட்டிக்குப் போகும். சத்தம் மொத்தென்று விழுந்தால் உள்ளே விரிசல், கழித்துவிட வேண்டியதுதான். அந்தக் காது மனிதர்களிடத்திலும் வேலை செய்தது. எதிரே பேசுகிறவர் எங்கே தயங்குகிறார், எதைச் சொல்ல வந்து விழுங்கிவிட்டார் என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

கொரோனாவுக்குப் பிறகு யூனிட் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. சும்மா இருக்கப் பிடிக்காமல் பாட்காஸ்ட் ஒன்று ஆரம்பித்தாள். மகள் தமிழ்மணி போனில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள். ‘இன்னைக்கு என்னா கொழம்பு’ என்று பேர். வாரம் ஒருவரைப் பிடித்து அந்தக் கேள்வியைக் கேட்பாள். கருவாட்டுக் குழம்பில் தொடங்கும் பேச்சு, அரை மணியில் பாதியில் விட்ட படிப்புக்கோ நின்றுபோன கல்யாணத்துக்கோ போயிருக்கும். எதிரொலி வராமலிருக்க பீரோவைத் திறந்து, அடுக்கிய புடவைகளுக்கு நடுவே போனைச் செருகிப் பதிவு செய்வாள்.

முதலில் யூனிட் பெண்கள் கேட்டார்கள். பிறகு மங்கலம்பேட்டை, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன ஆட்கள் கேட்டார்கள். ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிற ஒருவர், “அக்கா, உங்க கொழம்பக் கேட்டுட்டுத்தான் குப்பூஸ் ரொட்டி தின்றேன்” என்று எழுதினார். அறுபத்து நாலு பேர் பேசி முடித்தபோது கேட்பவர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் சென்னையிலிருந்து பிரவீன்குமார் வந்தான். ஒலி நிகழ்ச்சிகளுக்கென்றே ஆப் நடத்தும் ஒரு நிறுவனத்தின் ஆள்.

“அக்கா, உங்க ஷோ இனிமே எங்க ஆப்புல மட்டும்தான் வரணும். ரெண்டு வருஷத்துக்கு. பழசையும் மத்த எடத்துலேருந்து எடுத்துடணும். அதுக்குத்தான் இந்த அட்வான்ஸ்.”

இருபத்து மூன்று பக்க ஒப்பந்தம், அத்தனையும் ஆங்கிலம். சிவசங்கரியின் கணவர் பழமலைநாதன் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “மனை வாங்குனப்பக்கூட இம்மாம் பக்கம் இல்லியே” என்றார். தமிழ்மணிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த நேரம். சிவசங்கரி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். முன்பணம் அப்படியே கல்லூரிக்குப் போயிற்று.

ஆப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். இந்தியாவுக்கு வெளியே அது திறக்காது. இது இரண்டும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வளைகுடா ஆட்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். யூனிட் பெண்களோ, “ஒங்குரலு கேக்க நான் காசு கட்டணுமா? நேர்லயே பேசு” என்று சிரித்தார்கள்.

ஆறு மாதம் ஓடியது. சினிமாக்காரர் யாரையாவது அழைத்துப் பேசச் சொன்னார்கள். அவர்களிடம் குழம்பைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு பிரவீன்குமார் வேலையை விட்டுப் போனான். அவள் அனுப்பி வைத்த பேச்சுகள் வெளிவரவில்லை, பழைய பேச்சுகளையும் ஆப்பில் ஏற்றாமலே விட்டிருந்தார்கள். மெயிலுக்குப் பதில் இல்லை. வேறு இடத்தில் போடவும் வழியில்லை. வாரா வாரம் திறந்த பீரோ மூடியே கிடந்தது.

அந்தச் சமயத்தில் குவைத்திலிருந்து ராஜவேல் போன் செய்தான். அவன் அம்மா சொர்ணாம்பாள், திட்டக்குடிப் பக்கம் வேர்க்கடலை ஆயக் கூலிக்குப் போகிறவர், முப்பத்தோராவது ஆளாக வந்து மொச்சைக்கொட்டைக் குழம்பைப் பற்றிப் பேசியவர்.

“அக்கா, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்னுடுச்சுக்கா. ஆளு நல்லாத்தான் இருக்குது, வாய்தான் வரல. அது பேசுனது ஒங்ககிட்ட மட்டுந்தான் இருக்குது. தேடிப் பாத்தேன், எங்கியும் காணும்.”

அந்தப் பதிவு அவள் போனிலேயே இருந்தது. “தேடிப் பாக்குறேன் தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“அனுப்பித் தொலையேன். யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் பழமலைநாதன்.

“எந்த வடிவத்துலயும் யாருக்கும் தரக்கூடாதுன்னு எழுதியிருக்குதாம். தமிழ்மணி படிச்சுச் சொல்லிச்சு. அட்வான்ஸத் திருப்பிக் குடுன்னு கேட்டா எங்க போறது?”

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பொய் சொன்னதுதான் அவளைத் தின்றது. ராஜவேல் இன்னும் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் அதே பதில். கட்டைகளைத் தட்டும்போது காதில் ஒன்றும் விழவில்லை. விரிசல் விட்ட நாற்பது கட்டைகளைப் பெட்டியில் போட்டு, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வக்கீல் மதிவாணனிடம் போனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அவள் எதிரே முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பதாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“கடைசியா எப்பம்மா வெளியிட்டாங்க?”

“தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சார்.”

“இப்ப ஆடி. தொடர்ந்து நூத்தி இருவது நாள் அவங்க வெளியிடாம விட்டா, நீங்க எழுத்துல நோட்டீஸ் குடுக்கலாம். நோட்டீஸ் போயி முப்பது நாளானா தனி உரிமை முடிஞ்சிடும். பழசு, புதுசு எல்லாம் ஒங்களுக்கே வந்துடும்.”

“அட்வான்ஸு?”

“திருப்பித் தர வேண்டியதில்ல. வெளியிடாதது அவங்க. ஒங்க மேல தப்பு இல்ல.”

“இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்” என்றாள் சிவசங்கரி. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார்.

நோட்டீஸ் போயிற்று. இருபத்தெட்டாம் நாள், டீ நேரத்தில் மெயிலில் பதில் வந்தது. நிறுவனம் தமிழ் நிகழ்ச்சிகளையே நிறுத்திவிட்டதாம். நிகழ்ச்சியின் எல்லா உரிமையும் இனி அவளுக்கே என்று இரண்டு வரி. அதைத் தமிழ்மணிக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னாள். “முடிஞ்சுடுச்சும்மா, அவ்ளோதான்!” என்று மகள் போனில் கத்தியது பக்கத்துப் பெண்களுக்கும் கேட்டது. சிவசங்கரி காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் கொண்டுவந்து தொடாமல் வைத்திருந்த புளிச்சோற்றைத் திறந்து, டப்பா காலியாகும் வரைக்கும் தின்றாள். பக்கத்துப் பெண்ணின் ஊறுகாயையும் வாங்கித் தின்றாள்.

அங்கேயே உட்கார்ந்து ராஜவேலுக்குப் பதிவை அனுப்பினாள். கூடவே குரல் செய்தியும் போட்டாள். “தம்பி, இது எங்கிட்டயேதான் இருந்துச்சு. கம்பெனிக்குப் பயந்துகிட்டு ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடு.”

அன்று சாயங்காலமே அவன் கூப்பிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று முதலில் புரியவில்லை.

“அக்கா, வூட்டுக்காரிகிட்ட சொல்லி அம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். நான் வீடியோல பாக்குறேன். தம்பேச்சத் தானே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நடுவுல ஒங்ககிட்ட ரெண்டு தக்காளி போடணும்னு சொல்லியிருக்குதுல்ல? அந்த எடம் வந்ததும் கைய ஆட்டுது. வேணாம், வேணாம்னு. மொச்சைக்குத் தக்காளி போடக் கூடாதாம். அப்ப தப்பாச் சொல்லிடுச்சாம்!”

சிவசங்கரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கேட்டாள்: “எம்மேல கோவம் இல்லியே தம்பி?”

“இருந்துச்சுக்கா. இப்ப கேட்டுட்டேன், போயிடுச்சு.”

அடுத்த இரண்டு வாரத்தில் அறுபத்து நாலு பேச்சும், ஆப்புக்கென்று பதிவு செய்தவையும் பழைய இடங்களில் ஏறின. ஷார்ஜா லாரிக்காரர் கண்டுபிடித்து வந்துவிட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்கிறார்கள். பழைய கூட்டத்தில் பாதிகூட இன்னும் சேரவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

போன மாதம் வேறொரு ஆப்பிலிருந்து ஒரு பெண் பேசினாள். முன்பைவிடப் பெரிய தொகை, தனி உரிமை வேண்டுமாம்.

“தாராளமாப் போட்டுக்குங்கம்மா. ஆனா மத்த எடத்துலயும் வரும். ஒங்களுதுல மட்டுந்தான்னா வேணாங்க” என்றாள் சிவசங்கரி. அந்தப் பெண் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். சிவசங்கரி போனை வைத்துவிட்டு, அந்த வாரம் பேச ஒத்துக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர் நடராசனுக்கு எந்த நேரம் வசதிப்படும் என்று கேட்க நம்பரைத் தேடினாள்.