ரூம்ல ஒருத்தருக்கு முதுகுவலி

பஸ்ஸில் ஏறியதும் ஹபீபா காலி சீட்டைத் தேடுவதில்லை. நேராகக் கண்டக்டரைப் பார்க்கிறார்.

"செல்லப்பண்ணே, இன்னிக்கி தேதி என்ன?"

செல்லப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு தோல்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். ஒற்றைப்படைத் தேதியில் இடது தோள், இரட்டைப்படைத் தேதியில் வலது தோள் என்பது ஹபீபா போட்ட சட்டம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் போகும் அந்தக் காலை பஸ்ஸில் வேறு எந்தச் சட்டத்துக்கும் இவ்வளவு மரியாதை கிடையாது. ஒரே ஒரு முறைதான் செல்லப்பன் முறையிட்டார். "முப்பத்தொண்ணும் ஒத்தப்படை, மறுநா ஒண்ணாந்தேதியும் ஒத்தப்படை. ரெண்டு நாளு ஒரே தோள்ல தொங்குதுக்கா, உசுரு போவுது." ஹபீபா குன்னம் வரும்வரை யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "அப்ப ஒண்ணாந்தேதி மட்டும் மடியில வெச்சுக்குங்க." நின்றுகொண்டே டிக்கெட் கிழிக்கிறவருக்கு மடி ஏது என்று கேட்கும் தைரியம் அந்த பஸ்ஸில் யாருக்கும் இல்லை.

ஹபீபாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கறுப்பு புர்கா, கையில் சாப்பாட்டுக் கூடை, மூக்கின் நுனியில் கண்ணாடி. பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம், ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் உள்ள முதுகுத்தண்டு மருத்துவமனையில் வரவேற்பு மேசைதான் அவருடைய இடம். கைரோபிராக்டிக் என்று போர்டில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து வைத்த பெயர் சொடக்கு ஆஸ்பத்திரி. உள்ளே டாக்டர் குருமூர்த்தி நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் கை வைத்தால், வெளியே வரிசையில் இருக்கிறவர்களுக்கு 'சடக்' என்று கேட்கும். கேட்டதும் இரண்டு பேர் எழுந்து படியிறங்கப் பார்ப்பார்கள். அவர்களை மடக்கி உட்காரவைப்பதுதான் ஹபீபாவின் முதல் வேலை.

"எலும்பு ஒடையலம்மா. மூட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்குற காத்து. சோடா பாட்டில தொறந்தா சத்தம் வரும்ல? அதுக்காவ பாட்டிலு ஒடைஞ்சுபோச்சுன்னு ஓடுவாங்களா?"

முதுகுவலிக்காரர்கள் இருபத்திரண்டு படி ஏறி வரவேண்டியிருக்கிறதே என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. "ஏறி வந்தவங்களுக்குப் பாதி நோவு இல்லேன்னு அர்த்தம். ஏறமுடியாதவங்கள டாக்டரே எறங்கி வந்து பாப்பாரு. நமக்கு சோதனை செலவு மிச்சம்."

டாக்டர் குருமூர்த்தி அதிகம் பேசாதவர். பேச வேண்டியதையெல்லாம் பன்னிரண்டு குறிப்புகளாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். 'பளு தூக்குகையில் இடுப்பை வளைக்காது முழங்காலை மடக்குக' என்பது முதல் குறிப்பு. அதைப் படித்துத் திருந்தியவர் என்று ஒருவர்கூட இல்லை. ஹபீபா அதே குறிப்பைத் தினமும் காலை ஆறரை மணிக்கு வாட்ஸப் குழுவில் குரலாக அனுப்புவார். "பிரியாணி தேக்சாவுக்கு முத்தம் குடுக்கப் போற மாதிரி குனியாதீங்க. பக்கத்துல போயி குந்துங்க. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எந்திரிங்க. ஆறுன தேக்சாவா பாத்துத் தூக்குங்க, அது ரொம்ப முக்கியம்."

குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆலத்தியூர் பக்கத்து சிமெண்ட் லாரி ஓட்டுநர்கள், பாடாலூரில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிகிற பெண்கள், லப்பைக்குடிக்காட்டில் பாதி ஊர், அந்த ஊர் பிழைக்கப்போன வளைகுடாவில் மீதி ஊர். தலையணை ஒன்று போதும் என்று அவர் சொன்ன வாரத்தில் பல வீடுகளில் உபரித் தலையணைகள் பரணுக்குப் போயின. "செல்போன கண்ணுக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாருங்க. கை வலிக்குதா? போன கீழ வெச்சிருங்க. அதான் மருந்து" என்றார். "தும்மல் வந்தா செவுத்தப் புடிச்சுக்கிட்டு தும்முங்க" என்றபோது மட்டும், பாடாலூர் பாப்பாத்தி திருப்பிக் கேட்டார். "பாயம்மா, நாங்க வெங்காயக் களத்துல இருக்கோம். நாள் பூரா தும்மல்தான். செவுத்த எங்கிட்டுத் தேடுறது?" ஹபீபா விடவில்லை. மறுநாளே, பக்கத்தில் தும்மாமல் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று திருத்தம் வெளியிட்டார்.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொள்கிறது. பயப்படுவது அவருடைய இன்னொரு பழக்கத்துக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளைத் திருப்பிப் பார்ப்பார். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து, இடுப்பு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு நிக்காஹ் வீட்டில், மாப்பிள்ளையின் புதுச் செருப்பைப் பார்த்து ஒன்றும் தெரியாமல் போனதால், பழைய செருப்பு எங்கே என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்டுவிட்டார். அதிலிருந்து ஹபீபா வருகிறார் என்றால் சிலர் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

இத்தனை பேரின் முதுகையும் நிமிர்த்துகிற ஹபீபாவுக்கு எட்டாத ஒரு முதுகு இருந்தது. அது சவூதியில், தம்மாமில் இருந்தது.

கணவர் நஜீமுதீன் அங்கே உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் இருபத்தொரு வருடமாக வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். எப்போது கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ், எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். ஹபீபாவின் காலைக் குறிப்பு, அங்கே அவர் விடியற்கால சுபுஹு தொழுகைக்கு எழும் நேரத்தில் போய்ச் சேரும். பதிலுக்குக் குழுவில் விழும் கட்டைவிரல் படங்களில் முதல் கட்டைவிரல் அவருடையதுதான். போன வருடத்திலிருந்து கட்டைவிரலோடு கேள்விகளும் வர ஆரம்பித்தன. அவருக்காக இல்லை.

"ரூம்ல ஒருத்தருக்கு, குனிஞ்சா பிடிச்சுக்குதாம். என்ன செய்யலாம்?"

ஹபீபா பதில் சொன்னார். ஒரு மாதம் கழித்து, ரூம்ல ஒருத்தருக்குக் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழச் சொன்னார். ரம்ஜான் முடிந்ததும் ரூம்ல ஒருத்தருக்கு இடது கால் மரத்துப்போனது. அதைக் கேட்டபோது ஹபீபாவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. அந்த ரூமில் இருப்பதே இரண்டு பேர்தான். இன்னொருவன் முகமது அனஸ், இருபத்தாறு வயது, வெள்ளிக்கிழமை தவறாமல் பந்து விளையாடுகிறவன்.

நேரடியாகக் கேட்டால் கல்லு என்பார். அதனால் ஹபீபா தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். தம்மாமிலேயே வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு பிலால் அப்போது லீவில் ஊருக்கு வரவிருந்தான். மற்றவர்கள் பிஸ்தா, பால்பவுடர், கோடாலித் தைலம் என்று சொல்லியனுப்பும்போது, ஹபீபா சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று: "மாமாவோட பழைய செருப்ப வாங்கிட்டு வாடா."

செருப்பு வந்தது. ஹபீபா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு குதிகாலும் ஒரே மாதிரி அழகாகத் தேய்ந்திருந்தன. விரல் தடத்தைப் பார்த்தார். நஜீமுதீனுக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். இதில் கட்டைவிரல்தான் நீளம். அரை நிமிடத்தில் முடிந்துபோன விசாரணை அது.

மறுநாள் ஆறரை மணிக்குக் குழுவில் குறிப்பு வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி அனஸு, ஒன் செருப்பு பத்திரமா வந்து சேந்துச்சு. குதிகால் ரெண்டும் சமம், மாஷா அல்லாஹ். தண்ணி மட்டும் நல்லா குடி."

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நஜீமுதீனின் கட்டைவிரல் வரவில்லை. அனஸ் மட்டும் தனியாக, "மாமி, என்னைய மன்னிச்சிடுங்க, மாமாதான் குடுக்கச் சொன்னாங்க" என்று எழுதி, உடனே அதை அழித்தும்விட்டான். ஹபீபா அதற்கு முன்பே படித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் நஜீமுதீன் முகத்தைக் கேமராவுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு சிரித்தார். மூக்கு பெரிதாகத் தெரிந்தது. பேச்சுவாக்கில் கை தளர்ந்து போன் கொஞ்சம் சாய்ந்தபோது அறையின் மூலை தெரிந்தது. விரித்திருந்த தொழுகைப் பாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மக்கா இருக்கும் கிப்லா திசையைப் பார்த்துப் போட்டிருந்தது. குனிந்து நெற்றியைத் தரையில் வைக்க முடியாதவர்கள் உட்கார்ந்து தொழுகிற நாற்காலி.

"அந்த நாற்காலி யாருக்குங்க?"

"எது? அதுவா... ரூம்ல ஒருத்தருக்கு."

நஜீமுதீன் சிக்னல் சரியில்லை என்றார். சிக்னல் சரியாகத்தான் இருந்தது. அவரே போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஹபீபா சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதார். ஊரில் இருக்கிறவன் இல்லாதவன் முதுகுக்கெல்லாம் வழி சொன்னவருக்கு, தன் மனிதர் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் எத்தனை மாதமாக இருக்கிறார் என்பது தெரியவில்லை. அந்த வெட்கம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்.

"ரூம்ல ஒருத்தரு ஊருக்கு வந்து டாக்டர்கிட்ட முதுக காட்டுற வரைக்கும், இனிமே குறிப்பு கெடையாது."

முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் லாரி ஓட்டுநர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் செல்லப்பன் பையை எந்தத் தோளில் போடுவது என்று தெரியாமல் கையிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தார். ஹபீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பாத்தி ஆஸ்பத்திரிப் படியேறி வந்து, "யாரு பாயம்மா அந்த ஒருத்தரு? நம்பரக் குடு, நான் பேசுறேன்" என்றார். டாக்டர் குருமூர்த்திகூட வாயைத் திறந்து, "சுவர்ல பன்னண்டு குறிப்பு இருக்கே, அதைப் படிக்கச் சொல்லலாமே" என்றார். ஹபீபா பார்த்த பார்வையில் அவர் உள்ளே போய்விட்டார்.

நெருக்கடி முழுவதும் தம்மாமில்தான் விழுந்தது. ரூம்ல ஒருத்தர் யார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வந்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். "மச்சான், ஒங்களால எங்க முதுகும் போவுது. எப்ப ஊருக்குப் போறீங்க?" கிடங்கின் மேற்பார்வையாளரான மலையாளிக்கும் யாரோ சொல்லிவிட, நஜீமுதீன் கேட்பதற்கு முன்பே அவர் லீவுத் தாளை நீட்டினார்.

அன்றைக்குத்தான் நஜீமுதீன் ஹபீபாவைத் தனியாக அழைத்தார். மூக்கைக் காட்டவில்லை. முழு முகத்தையும் காட்டினார்.

"வந்துட்டா திருப்பிக் கூப்புடுவாங்களான்னு தெரியாது ஹபீபா. வெயிட்டு தூக்க முடியாதவன வெச்சு அவங்க என்ன செய்வாங்க? அப்பறம் நான் ஊருல என்ன பண்ணுவேன்? பஜார்ல நாலு பேரோட சும்மா உக்காந்திருக்கவா?"

"உக்காருங்க" என்றார் ஹபீபா. "நிமிந்து உக்காருங்க. மொதல்ல வாங்க."

ஒன்பதாம் நாள் திருச்சி விமான நிலையம். பிலால் காரைக் கொண்டுவந்திருந்தான். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நஜீமுதீன் தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். தலை நிமிர்ந்து, நெஞ்சு விரிந்து, குடியரசு தின அணிவகுப்பில் வருகிறவரைப் போல நடந்து வந்தார். மனைவி இத்தனை வருடமாகச் சொன்ன குறிப்புகள் அத்தனையும் அந்த நடையில் இருந்தன. பிலாலே ஏமாந்துபோனான். "மாமி, மாமா ஜம்முன்னுதான் இருக்காங்க" என்றான்.

ஹபீபா கணவரின் மேலுதட்டில் பூத்திருந்த வியர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருகில் வந்து சலாம் சொன்னபோது, நஜீமுதீனின் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட் நழுவித் தரையில் விழுந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்காதவர்போலக் கூரையைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். வெயில் அதிகமா என்று விசாரித்தார். பிலால் எடுக்கப் போனான். ஹபீபா கையை நீட்டி அவனைத் தடுத்தார்.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். பின்னால் வந்த தள்ளுவண்டிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின. நஜீமுதீன் ஒருமுறை தரையைப் பார்த்தார். முழங்காலை லேசாக மடக்கினார், பாதியில் நிறுத்தினார், மறுபடி நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். கல்லு என்று சொல்ல வாயெடுத்ததுபோல இருந்தது. சொல்லவில்லை. இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, அத்தனை பேர் முன்னால், வலது கையை ஹபீபாவை நோக்கி நீட்டினார்.

ஹபீபா சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். பாஸ்போர்ட் கீழேயே கிடந்தது.