குழலுக்குள் உறுமினால் கதவு தட்டப்படும்

இன்று பின்னேரம் வெள்ளவத்தை ஃபிளாட்டில், எழுபதுகளின் ப்ரோக்ரெசிவ் ராக் பாட்டொன்றின் புல்லாங்குழல் பகுதியைப் பழகிக்கொண்டிருந்தேன். ஊதும்போதே தொண்டையால் உறுமவும் வேண்டும். அந்தப் பாட்டின் உயிரே அதுதான்.

“குழலுக்க ஆரோ சண்டை பிடிக்கிற மாதிரிக் கிடக்கு. மெல்லமா ஊது பிள்ளை,” என்றார் அம்மா.

உடனே கதவு தட்டும் சத்தம்.

“பார், ஆரோ பொலிசுக்குச் சொல்லிப்போட்டினம். உன்ர ஐசியை எடு!”

பொலிஸ் சோதனைகளுக்குப் பழகிய எங்கள் வீட்டில் யார் தட்டினாலும், அடையாள அட்டை கைக்கு வந்த பிறகுதான் கதவு திறக்கும். அம்மா இரண்டு அட்டைகளையும் நீட்டியபடியே திறந்தார்.

மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சிங்கள இளைஞர் நின்றார். தோளில் பேஸ் கிட்டார். அட்டைகளைப் பார்த்து விழித்தார்.

“குழல் வாசிப்பது யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அம்மா என்னைக் காட்டிக்கொடுத்தார்.

“அந்தப் பாட்டுக்கு நான் பேஸ் வாசிப்பேன். குழலுக்குத்தான் ஆளில்லாமல் இருந்தது. இன்னும் நன்றாக உறுமுங்கள், மேலே சரியாகக் கேட்கவில்லை.”

அம்மா அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

ஞாயிறு மொட்டைமாடியில் சேர்ந்து வாசிக்கிறோம். ட்ரம்ஸ் அடிக்க ஆள் தேவை.

ஐசி காலி வீதிச் சோதனைச் சாவடிக்குத்தான். எங்கள் வாசலில் ட்ரம்ஸ் குச்சிகளைக் காட்டினால் போதும்.