செவ்வாய்க்கிழமைக் குப்பி

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் சோப்பு. சின்ன வயதிலிருந்தே அப்படிக் கை கழுவுவாள். ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியான பிறகு குப்பிகளையும் கழுவ ஆரம்பித்தாள். ஒவ்வொரு குப்பியையும் ஒரு நாள் முழுக்க அமிலத்தில் ஊறவைத்து, ஐந்து முறை அலசி, மேஜையில் கவிழ்த்து வைப்பாள். பாத்திரம் கழுவவா இத்தனை படிப்பு என்று கேலி செய்திருக்கிறேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

நான் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் பல பிள்ளைகள் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தார்கள், படிப்பும் ஏறவில்லை. அக்கா வீடு வீடாகப் போய் அறுபது பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தாள். நாற்பது பேருக்கு அளவுக்கு மீறி ஈயம். அது எந்த வழியாக வந்தது என்பதுதான் பிடிபடவில்லை. குழாய்த் தண்ணீர் சுத்தம், காற்றிலும் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டறையை ஒட்டிய வீட்டுப் பிள்ளை துள்ளி விளையாடும், நாலு தெரு தள்ளி இருக்கும் பிள்ளை வாடிக் கிடக்கும். அக்கா மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு சோதனையிலும் வெறும் சுத்தத் தண்ணீர் ஊற்றிய குப்பி ஒன்றையும் சேர்த்து வைப்பாள். அதில் பூஜ்யம் வந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம். ஒரு நாள் அந்தக் குப்பியிலேயே ஈயம் வந்தது. அந்த நாளை மட்டும் விட்டுவிட்டு அறிக்கையை முடிக்கும்படி துறைத் தலைவர் சொன்னார். இவள் கேட்டால்தானே. பழைய நோட்டுகளைப் புரட்டினாள். சின்ன எண்தானே என்று அவளே கழித்துவிட்ட நாட்கள் இன்னும் ஏழு இருந்தன. எல்லாமே செவ்வாய்க்கிழமை.

மூன்று வருட உழைப்பு. என் எண்களை இப்போதைக்கு நம்ப வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிழைக்கத் தெரியாதவள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

செவ்வாய்க்கிழமைகளில் பட்டறையிலிருந்து நேரே போய் அவளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, குப்பிகள் காயும் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் கதையளந்தவன் நான்தான். வெளியாள் உள்ளே வரக் கூடாது. தம்பிக்கு மட்டும் சலுகை. அது அவளுக்கு உறைத்ததும் ஈரக் காகிதத்தால் என் சட்டைக் கையைத் துடைத்து எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மாலையில் வீட்டுக்கு வந்தாள். என் நாலு வயதுப் பெண் மடியில் உட்கார்ந்து என் பட்டறைச் சட்டையின் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வயிற்றுவலிதான். வயிற்றில் பூச்சி என்று நினைத்து பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"பாப்பாவைக் கீழ இறக்குடா, உன் சட்டையைத் துடைச்ச காகிதம் முழுக்க ஈயம்," என்றாள் அக்கா. "அப்பா என்ன வேலைன்னு கேட்டப்போ எல்லா வீட்டிலயும் கூலி வேலைன்னாங்க. நானும் அதோட விட்டுட்டேன். இன்னைக்கு மறுபடி போய்க் கேட்டேன். நாப்பது பேரும் உங்க பட்டறையில வேலை செய்யறவங்க பிள்ளைங்க. நீங்கதான் சட்டையில தூசியைக் கொண்டுபோய்க் குடுக்கறீங்க."

அதுவரை சோதிக்காத பாப்பாவின் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தாள், ஈயம் இருபத்தெட்டு. ஐந்தைத் தொட்டாலே கவலைப்பட வேண்டுமாம். அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்கா சும்மா இருக்கவில்லை. குப்பிகளைப் புதிதாகக் கழுவி, அறுபது பிள்ளைகளையும் மறுபடி சோதித்தாள். என்னையும் வாசலோடு நிறுத்திவிட்டாள். இந்த முறை தண்ணீர்க் குப்பியில் சுத்தப் பூஜ்யம். அறிக்கையோடு பட்டறை முதலாளியைப் பார்க்கப் போனவள், அவரோடு வாதாடவே இல்லை. அவருடைய பேரன் உட்காரும் கார் சீட்டை ஈரக் காகிதத்தால் துடைக்க மட்டும் அனுமதி கேட்டாள். அந்தக் காகிதத்தில் இருந்த ஈயத்தின் எண் வந்த அடுத்த மாதமே பட்டறைக்குள் குளியலறையும் உடை மாற்றும் அறையும் வந்துவிட்டன. அங்கேயே துவைக்கவும் ஆள் போட்டார்.

எட்டுக் குப்பிகளை அவள் மூடி மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் பெண்ணுக்கு நான் இன்னும் பூச்சி மருந்துதான் கொடுத்துக்கொண்டிருப்பேன். சோப்பு என் அக்கா என்று இப்போது பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

ஒரு வருடத்தில் பாப்பாவின் எண் பதினொன்றாக இறங்கியிருக்கிறது. நேற்று நான் அக்கா சொன்னபடி பட்டறையிலேயே குளித்து, வேறு சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். ஓடி வந்தவள் ஒரு முழம் தள்ளி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத்தை சட்டையா, பட்டறைச் சட்டையா?"

அத்தை சட்டை என்றேன். இரண்டு கையையும் தூக்கினாள்.