டாக்டரின் கைராசி

எங்கள் டாக்டரை ஊரே சிரிக்கும்படி காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

அந்தத் தொலைக்காட்சித் தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிராமத்து டாக்டர் ஒருவர், பெருங்குடிகாரர், ஊசியை எடுத்தால் விரல்கள் தந்தியடிக்கும். அதனால் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று அட்டெண்டர் ஊசி போடுவான். டாக்டர் முன்னால் நின்று பேர் வாங்குவார். நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை.

அந்த அட்டெண்டர் நான். கதையைக் கொடுத்தவனும் நான். ஆனால் எங்கள் டாக்டர் குடிப்பவர் அல்லர்... ஒரு நாளும் அல்லர்!

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கிளினிக்குக்கு வரும் வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இந்த அளவுக்கு எழுதப் பழகினேன். நேரில் என்றால் எனக்குப் பேச்சே வராது. "வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க?" என்று என் மனைவி சரசு இன்றைக்கும் கேட்பாள்.

எருத்தேன்பதியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, முன்பு கொப்பரை மூட்டைகள் அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கிதான் எங்கள் கிளினிக். ஸ்பிரிட் வாசமும் கொப்பரை வாசமும் கலந்து வரும். அந்த வாசம் இப்போதும் எப்போதாவது மூக்கில் ஏறும்... ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடுவேன்.

டாக்டர் இடுக்கியிலிருந்து, சித்திரபுரத்துக் குடியிருப்பிலிருந்து வந்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த மாதமே அவர் கை நடுங்குவதைக் கண்டுகொண்டேன். நாடி பிடிக்கும்போது நடுங்காது. புண்ணுக்குக் கட்டுப் போடும்போது நடுங்காது. ஊசியை எடுத்தால் மட்டும் நடுங்கும். ஒரு நாள் ஒரு கத்தரிக்காயையும் சிரிஞ்சையும் என் முன்னால் வைத்தார்.

"குத்தாதய்யா. வையி. பூ வைக்கது மாதிரி வையி."

அவர் வாய் சொல்லும்; என் கை செய்யும். எத்தனை கத்தரிக்காய்கள்! பிறகு மனிதர்கள். அது சட்டப்படி தப்பு என்பது இருவருக்கும் தெரியும். வருகிறவரைச் சுவரைப் பார்த்துப் படுக்கச் சொல்லுவோம். டாக்டர் தலைமாட்டில் நின்று தோளில் கையை வைத்து, "உம்ம தோப்புல எத்தனை தென்னை? எண்ணிச் சொல்லும்" என்பார். அவர் பத்து எண்ணுவதற்குள் பின்னால் நின்று நான் போட்டு முடித்திருப்பேன்.

"போட்டாச்சுங்களா? எறும்பு கடிச்சாப்ல கூட இல்லீங்களே டாக்டரே! என்ன கைராசிங்க உங்களுக்கு!"

டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அந்தச் சிமிட்டலே எனக்குப் போதுமானதாக இருந்தது... பல வருடங்களுக்கு.

ஒன்றில் மட்டும் அவர் இளகவே மாட்டார். சில மருந்துகளுக்கு முதலில் துளியளவு சோதனை ஊசி. பிறகு அரைமணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். 'அரைமணி டாக்டர்' என்று ஊரில் பெயரே வைத்திருந்தார்கள்.

ஏன் என்பதை ஒரு மழை நாளில், யாரும் வராத மத்தியானத்தில், என்னிடம் சொன்னார். படித்து முடித்துச் சித்திரபுரம் திரும்பிய வருடம், காய்ச்சலில் கிடந்த தங்கைக்கு அவரே பென்சிலின் போட்டிருக்கிறார். சொந்தத் தங்கைதானே என்று சோதித்துப் பார்க்கவில்லை.

"'மூச்சு முட்டுதுண்ணே'ன்னாய்யா... நான் ஊசியக் கீழ வைக்கக்கூட இல்ல."

வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது.

கிளினிக்கை மூடிச் சில வருடங்கள் கழித்து, தொடர் எடுக்கிறவர்கள் அந்தக் கிட்டங்கியைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வந்தார்கள். சாவி என்னிடம் இருந்தது. கதை எழுதுகிற ஆள் என் பக்கத்தில் மரப் பெட்டியில் உட்கார்ந்தார்.

"இங்க நடந்த வேடிக்கை ஏதாச்சும் சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா!"

என் ஆயுளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை! சொன்னேன். கத்தரிக்காய், தென்னை எண்ணுவது, எல்லாவற்றையும். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப அந்தக் கைராசி உங்களோடதாண்ணே!" என்றார். உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்தது.

பிறகு கேட்டார்: "அவருக்கு ஏன்ணே கை நடுங்குச்சு? தண்ணியா?" கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார்.

அந்தத் தங்கை என் நாக்கு நுனியில் நின்றாள். சொல்லியிருந்தால் அது டாக்டரின் கதையாகியிருக்கும். அன்றைக்கு ஒரு நாளாவது அது என் கதையாக இருக்கட்டும் என்றா நினைத்தேன்? நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்...

நான் சிரித்தேன்.

இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. வெறும் சிரிப்பு. அதுதான் என் குற்றம்.

டாக்டர் எங்கள் பக்கத்து வீட்டில்தான் தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் டிவி கிடையாது. டாக்டர் கதை வருகிறது என்றதும் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துப் பார்த்தார். அப்புறம் அட்டெண்டர் பின்னால் நின்று ஊசி போடும் அந்தக் காட்சி வந்தது. சரசு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தப் பயலுக்கு சிரிஞ்சே பிடிக்கத் தெரியல," என்றார் டாக்டர். "காத்தெடுக்காம குத்துதான் பாரு."

திரையில் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தார் அந்த டாக்டர். எங்கள் டாக்டர் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எழுந்து, "டீ நல்லா இருந்துச்சு தாயி" என்று சரசுவிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே அவரும் நானுமாக இரண்டு பேர்தான். யார் சொன்னது என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை!

தொடரை எங்கள் கிட்டங்கியில்தான் எடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்; டீக்கடையில் அரைமணி டாக்டருக்குப் புதுப் பெயர் வைத்துப் பேசிக்கொண்டார்கள்.

"நம்மூருக் கள்ளு டாக்டரையும் உட்டு வெக்கலீங்க பாருங்க!"

"அரைமணி நேரம் உக்கார வெச்சது எதுக்குங்கறீங்க? போதை எறங்கறதுக்குத்தானுங்க!"

கடையே சிரித்தது. என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம்...

எங்கள் பக்கம் கடலைக்காய் விதைக்கும்போது முதல் கை விதையைக் கைராசிக்காரர் போட வேண்டும். நாச்சிமுத்து அண்ணன் தோட்டத்தில் எத்தனையோ வருடமாக அது டாக்டர்தான். அந்த நாளுக்கென்றே ஒரு வெள்ளை வேட்டியைத் தனியாக மடித்து வைத்திருப்பார். ஊசிக்கு நடுங்கும் கை விதைக்கு நடுங்காது. மண்ணில் போட்டுவிட்டு, சிறு பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

இந்த வருடம் நாச்சிமுத்து அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "வாங்க பழனிச்சாமி. மொதக் கை நீங்கதான் போடோணும்."

"டாக்டரு இருக்காருங்களே..."

"அட, எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சுங்க. அந்தக் கை உங்க கைதானுங்களே!"

நான் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். ஆமாம், போனேன்! பக்கத்து வாசலைத் தாண்டும்போது பார்த்தேன். டாக்டர் அந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, குளித்துத் தலை வாரி, நின்றுகொண்டிருந்தார்.

விதையை அள்ளிப் போட்டேன். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். ஆயுளெல்லாம் நான் ஆசைப்பட்டது அதுதான் போலிருக்கிறது.

டாக்டருக்குச் சர்க்கரை உண்டு. தனக்கும் அவரால் ஊசி போட்டுக்கொள்ள முடியாது. பல வருடங்களாகத் தினமும் காலையில் இன்சுலின் போடுகிறவன் நான்தான், இன்றைக்கும் நான்தான். முன்பெல்லாம் போட்டு முடிக்கும் வரை சித்திரபுரத்துப் பனியைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். இப்போது பேச்சில்லை. விதைத்து ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் மட்டும் கேட்டார்.

"மொளச்சிருச்சாய்யா?"

"மொளச்சிருச்சுங்க."

"நல்லது."

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, நாங்கள் நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்தது போல, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். காற்றை எடுக்கிறேன், பஞ்சால் துடைக்கிறேன், பூ வைப்பது மாதிரி வைக்கிறேன்... வாய் திறப்பதில்லை.

என் கை மட்டும் ஒரு தடவைகூட நடுங்கியதில்லை.