எந்த ஊராம்?

மனிதர்களைச் சோதிக்க அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: எந்த ஊர்? பதிலில் தன் ஊரான சுன்னாகத்துக்குப் பக்கத்துப் பெயர் ஒன்று வந்துவிட்டால், அவர் தேநீர் வைக்க எழுந்துவிடுவார்.

தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் ஒஸ்லோவில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். இணையம் உலகத்தைத் திருத்திவிடும் என்று வீட்டில் பிரசங்கம் செய்து, ரொம்சோஸ் புறநகரில் இருந்த எங்கள் மாடிவீட்டுக்கு வேகமான இணைப்பு எடுப்பித்ததும் நான்தான். தங்கை அதில் ஒரு விளையாட்டுக்குள் குடிபோனாள். ஒரு பொம்மையைச் செய்து, அதற்கு அறை அலங்கரித்து, வரும் போகும் பொம்மைகளோடு எழுத்தில் அரட்டையடிக்கிற விளையாட்டு.

"ஆரோடையடி இவ்வளவு கதை?" என்றார் அம்மா, வேலைக்குப் போடும் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

"ரொறொன்ரோவிலை ஒரு தமிழ்ப் பொடியன். பதினாலு வயசாம்."

"எந்த ஊராம்?"

தங்கை கேட்டு எழுதினாள். "நீங்கள் எந்த ஊர்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். இவள் சுன்னாகம் என்றாள். உடனே பதில் வந்தது.

"அவன்ரை அம்மா மல்லாகமாம்."

"அட, பக்கத்து ஊர்! அப்ப எங்கடை பிள்ளைதான்."

"அம்மா, அது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றேன்.

"உனக்குப் படிச்சுப் படிச்சு எல்லாத்திலையும் சந்தேகம். வெள்ளையளோடை கதைச்சால்தான் பயம்."

இணையத்தில் அந்நியரை நம்பவேண்டாம் என்று பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, அம்மா எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியவர். அவரைப் பொறுத்தவரை, ஊர் இல்லாதவர்தான் அந்நியர்.

சில வாரங்களில் தங்கை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அவன் படம் கேக்கிறான். நான் வீட்டிலை தனிய இருக்கிறது எப்ப எண்டும் கேக்கிறான். அம்மா ஏசுவாவோ?"

"நீ ஒண்டும் அனுப்பேல்லைத்தானே? பிறகேன் ஏசுறா? நல்லவேளை சொன்னனி."

நான் புதிதாக ஒரு பொம்மை செய்தேன். பக்கத்து நகரமான திராமனில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஊர் வேலணை. அவனைத் தேடிப்போய் வணக்கம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவனே ஊரை விசாரித்தான். வேலணை என்றதும், தன் அம்மா பக்கத்துத் தீவான புங்குடுதீவு என்றான். அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"அண்டைக்கு மல்லாகம். இண்டைக்குப் புங்குடுதீவு."

அம்மா யோசித்தார். "ஒண்டு தாயின்ரை ஊர், மற்றது தேப்பன்ரை ஊரா இருக்கும்."

"ரெண்டும் தாயின்ரை ஊராம், அம்மா! இது பொடியனே இல்லை, ஆரோ வளந்த ஆள்." அவன் தங்கையிடம் கேட்டவற்றையும் சொன்னேன்.

அப்போதுதான் அம்மாவின் முகம் மாறியது. ஆனால் கோபம் திரையை நோக்கிப் போகவில்லை. "என்னடி அனுப்பினனி அவனுக்கு?" என்று தங்கையின் தோளைப் பிடித்து உலுப்பினார். இல்லை, இல்லை என்று அவள் அழ அழ, இணைப்புக் கம்பியைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"பொலிசுக்குச் சொல்லுவம். மற்றப் பிள்ளையளின்ரை தாய்மாருக்கும் சொல்லவேணும்," என்றேன்.

"வாயை மூடு. பொம்பிளைப் பிள்ளையின்ரை பேர். திராமன் வரைக்கும் கதை போகும்."

பல்கலைக்கழகத்திலிருந்து அந்த விளையாட்டு நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதினேன். இயந்திரம் ஒன்று நன்றி சொன்னது.

அடுத்த சனிக்கிழமை, நான் படிப்பிக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்து நடைக்கூடத்தில், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்தாள். "அக்கா, உங்கடை தங்கச்சி ஏன் இப்ப விளையாட வாறேல்லை எண்டு ரொறொன்ரோ அண்ணா கேட்டவர். அவரின்ரை அம்மாவும் எங்களைப்போல மன்னாராம்!"

கோப்பிக் கோப்பையோடு மற்றத் தாய்மாருக்கு நடுவில் நின்ற அம்மா முந்திக்கொண்டார். "என்ரை பிள்ளை அப்பிடி ஒண்டும் விளையாடுறேல்லை."

இனியும் பொறுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் பக்கத்திலேயே நின்றார். அத்தனை தாய்மாருக்கும் கேட்க நடந்ததைச் சொன்னேன்: மூன்று ஊர், ஒரே ஆள், கேட்டது படம்.

அந்தத் தாய் மெல்லக் கேட்டார்: "தங்கச்சி படம் அனுப்பினவவோ, பிள்ளை?"

"இல்லை, அன்ரி. உங்கடை மகளைக் கேளுங்கோ முதல்."

"என்ரை பிள்ளை அப்பிடியில்லை." எல்லாக் கண்களும் என்னைத் தாண்டிப் போயின. பின்னால் தங்கை நின்றாள். இன்னொருவர் கேட்டார், "அதுசரி, உண்மையிலை அவன் எந்த ஊர் ஆளாம்?"

வீடு திரும்பும் ரயிலில் மூவரும் ஒரே இருக்கை வரிசையில் இருந்தோம். ரொம்சோஸ் நெருங்கும்போது தங்கை வாய்திறந்தாள்.

"இனி ஏதும் நடந்தால் உங்கள் ரெண்டு பேருக்கும் சொல்லமாட்டன்."

"இனி என்ன நடக்கக் கிடக்கு?" என்றார் அம்மா, கைப்பையைத் தோளில் மாட்டியபடி. "அதுதான் கம்பியைக் கழட்டிப்போட்டனே."